மூடுதுணி

மண்ணடியில், மாடிப்படிக்கு அடியில் என் எம்பிராய்டரி கடை.
பள்ளிக்கூட பேட்ஜ், செக்யூரிட்டி சட்டைக்குக் கழுகு,
போன மாதம் ஒரு பிரியாணிக் கடைக்கு நூற்றைம்பது தொப்பி.
பன்னிரண்டு ஊசி, ஒரே தலை.
ஆகாயத்திலிருந்து அதுவரை ஆர்டர் வந்ததில்லை.

யுவஸ்ரீ வந்தாள். குன்றத்தூர்ப் பக்கம் கல்லூரி.
நனைந்த நோட்டில் பென்சில் வட்டம்,
வட்டத்துக்குள் பலூன்,
பலூனுக்குக் கீழே கூம்புப் பொட்டலம்.
முப்பது கிலோமீட்டர் உயரம் போகவிருக்கும் தெர்மோகோல் பெட்டிக்கு
'சுண்டல்' என்று பெயர்.
"பீச்சுல உக்காந்துதான் கணக்குப் போட்டோம்க்கா.
எங்க காசுக்கு அதுதான் கட்டுப்படியாச்சு."

கடலைக்கு வெளிர்மஞ்சள், தேங்காய்க்கு வெள்ளை.
மாங்காய்ப் பச்சை மட்டும் கிடைக்காமல்
கோவிந்தப்ப நாயக்கன் தெரு முழுக்க அலைந்தேன்.

மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னாள்:
அறுபதுகளில், அமெரிக்காவில், ஒருவர்
தன் கலத்துக்கு ஒரு மணியின் பெயரை வைத்தாராம்.
அசல் மணியில் விரிசல் உண்டு என்று
கலத்தின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் விரிசல்.
கடலில் இறங்கியது. கதவு தெறித்தது. முழுகிவிட்டது.
ஆள் நீந்திப் பிழைத்தார்.
அடுத்ததற்கு, முழுகாத ஒருத்தியின் பெயரை வைத்தார்.
மேலிடம் முகம் சுளித்தது.
அதன்பிறகு கொஞ்சகாலம் பெயர் இல்லை, எண் மட்டும்.

பெயர்தானே கூடாது, படம் தைத்துக்கொள்கிறோம் என்று
இரண்டு பேர் கூண்டு வண்டி ஒன்றைச் சட்டையில் ஒட்டினார்கள்.
அதில் ஒரு வரி: எட்டு நாள், இல்லாவிட்டால் போண்டி.
எட்டு நாள் தாங்காமல் போனால் மானம் போகுமே என்று
அந்த வரியின் மேல் துணி வைத்துத் தைக்கச் சொன்னது ஆபீஸ்.

"அந்தத் துணியை யார் தச்சது?" என்று கேட்டேன்.
அவளுக்குத் தெரியவில்லை.
யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

"அப்புறம் பேர் எப்படித் திரும்பி வந்துச்சு?"
"ஒரே பயணத்துல ரெண்டு கலம்க்கா.
பிரிஞ்சு நின்னு ரேடியோவுல பேசணும்.
ரெண்டுக்கும் ஒரே நம்பர்னா யாரு யாரைக் கூப்பிடறது?"
கால் நீண்டிருந்ததால் ஒன்று சிலந்தி.
நீலத் தாளில் சுற்றி வந்ததால் மற்றது மிட்டாய்.

நாற்பது பட்டை முடிந்தது.
வழக்கம்போல ஒவ்வொன்றின் ஓரத்திலும்
கடைப்பெயரும் கைபேசி எண்ணும் போட்ட குட்டி நாடா.

நான்காம் நாள் நாற்பதும் திரும்பி வந்தன.
துறைத்தலைவருக்குச் சுண்டல் பிடிக்கவில்லை.
அமைச்சர் வருகிறார், பத்திரிகை வருகிறது,
பெயரை மறைத்து 'பி-1' என்று துணி வையுங்கள்.
யுவஸ்ரீ எதுவும் சொல்லவில்லை.
மேஜை மேல் கிடந்த அறுந்த நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வைத்தேன்.
கையாலேயே, நீளத் தையல், ஒற்றை நூல்,
முடிச்சுப் போடவில்லை.
இருபது வருஷத்தில் இவ்வளவு மோசமாக நான் தைத்ததில்லை.

பலூன் போனது. காற்று திசை மாறியது.
வண்டலூரைத் தாண்டி சிக்னல் இல்லை என்றார்கள்.
எனக்குப் பாக்கி இருநூறு ரூபாய்; கேட்க மனசில்லை.

பதினோராம் நாள் விடியலில் தெரியாத எண்.
எஞ்சின் இரைச்சல், காற்று, யாரோ கயிற்றை இழுக்கச் சொல்லும் சத்தம்.
"செபஸ்தியார் பேசறேன், காசிமேடு.
வலையில ஒரு பொட்டி மாட்டிச்சு.
மேல பொட்டலம் தச்சிருக்கு, நாடாவுல இந்த நம்பர்."
அவர் பெயர் செல்வின்.
படகின் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள் என்று
பிறகு தெரிந்துகொண்டேன்.

உப்புத்தண்ணீர் என் தையலைப் பிரித்திருக்க வேண்டும்.
அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது.
"யாரு, சுண்டலா?"

பாதிக் கழுகோடு மெஷினை நிறுத்தினேன்.
"ஆமா, சுண்டல்தான்.
சொல்லுங்க, செபஸ்தியார்."