இரண்டு என்றால் நீ

கராத்தேக்கு வெள்ளைச் சட்டை வரவில்லை.
ஊதாச் சுடிதாரில்தான் நின்றோம்,
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி.
தங்கச்சிமடம் அரசுப் பள்ளி, வியாழன், மூன்று மணி,
நெருஞ்சி பொறுக்கிய மணல்.

ஷிஃபானா மிஸ் மண்டபத்திலிருந்து ஸ்கூட்டியில்
பாலம் ஏறி வருவார்.
பாலத்துக் காற்று ஹெல்மெட்டை இழுத்து இழுத்து
கழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்கும்.
முதல் நாளே சொல்லிவிட்டார்:
"மூணு மாசந்தான். அதுக்குள்ள அடிக்க வராது.
நிறுத்த வந்தா சரி."

ஜப்பான்காரர்கள் எண்ணுவது எங்களுக்குச் சிரிப்பு.
இச்சி. நீ. சான். சீ.
நான்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு
கருவாட்டுக் கொட்டகை பக்கம் திரும்பிக் கத்துவோம், "சீ!"
உடைமரத்துக் காக்கைகள் எழுந்து
சத்துணவுக் கூடத்துக்குப் போய்விடும்.

என் ஜோடி ரெக்ஸ்லின் கத்துவதில்லை.
எண்ணுவதும் இல்லை.
அவள் அப்பா போன படகு காங்கேசன்துறையில் நிற்கிறது.
அப்பா யாழ்ப்பாணத்துச் சிறையில்.
தேதி வரும்போதெல்லாம்
அடுத்த தேதிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

நான் வேறு ரகம்.
காம்பஸால் பெஞ்சைக் குத்துகிறவள்.
போன வருடம் ஒருத்தியின் டிபன் பாக்ஸைச் சாக்கடையில் எறிந்தேன்.
அதில் நெத்திலி வறுவல் இருந்தது,
எங்கள் வீட்டில் அன்று இல்லை.
அவ்வளவுதான் காரணம்.
ஆலோசனைக்கு வந்த அம்மா கேட்டார்,
"கோபம் உடம்பில் எங்கே இருக்கிறது?"
காதில் என்றேன்,
கச்சான் அடிக்கிற மாதிரி.
அவர் எழுதிக்கொண்டார்.

குத்து, மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நிற்க வேண்டும்.
சுண்டுவிரல். மிஸ் வைத்துக் காட்டினார்.
ரெக்ஸ்லின் கை வந்தது.
காற்று தொட்டது, கை தொடவில்லை.
ஐஸ் பெட்டி தூக்கிய காய்ப்பு தெரிந்தது,
அவ்வளவு பக்கம்.

என் முறை.
நான் நிறுத்தவில்லை.

ரத்தம் மணலில் நாலு சொட்டு.
யாரோ டீச்சரைக் கூப்பிட ஓடினார்கள்.
ரெக்ஸ்லின் குழாயடிக்குப் போனாள்.
எங்கள் குழாயில் வருவது உப்புத்தண்ணீர், எரிந்திருக்கும்.
கழுவிவிட்டுத் திரும்பி வந்து
அதே இடத்தில் நின்றாள்.
நாடியை நிமிர்த்தி, கண்ணால்,
மறுபடி என்றாள்.

மறுபடி என் கை போனது.
நடுவழியில் தோள் உதறியது, முழங்கை உதறியது,
டோக்கன் கிடைக்காத படகு அலையில் ஆடுகிற மாதிரி
அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது.
சுண்டுவிரல் இல்லை, ஒரு சாண் இருக்கும்.
மிஸ் திருத்தவில்லை.

மூன்று மாதம் முடிந்துவிட்டது.
அடுத்த வியாழன் ஸ்கூட்டி வரவில்லை.
பி.டி. சார் வளையப்பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.
அதை மரத்தடியில் வைத்துவிட்டு
பதினோரு பேர் வரிசையாய் நின்றோம்.

யார் எண்ணுவது?
எல்லோரும் என்னைப் பார்த்ததால் "இச்சி" என்றேன்.
பாம்பன் பக்கம் ரயில் ஊதியது.
அது அடங்கியதும் பக்கத்திலிருந்து,
துருப்பிடித்த கொக்கியைக் கழற்றுகிற மாதிரி
ஒரு குரல்:

"நீ."

இரண்டைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா,
நான் கேட்கவில்லை.
கை நீண்டிருந்தது, எல்லோரும் காத்திருந்தார்கள்,
மூன்றை நான் சொல்ல வேண்டியிருந்தது.