ஓரளவு

வின்னிபெக்கில் இன்று மைனஸ் இருபத்தொன்பது.
ஹெட்போனில் ஒரு பக்கத்துப் பஞ்சு பிய்ந்துவிட்டது,
இடது காதை வைத்துத்தான் பிழைப்பு.
மணிக்குப் பதினாறு டாலர்.
முழுதாக முடித்த படிவத்துக்கு மேற்கொண்டு ஒன்றரை.

"வணக்கம், என் பெயர் கோரின்.
விற்க என்னிடம் எதுவும் இல்லை.
உங்கள் கருத்து மட்டும். பன்னிரண்டு நிமிடம்."
இதற்குள் பத்துக்கு ஏழு பேர் வைத்துவிடுவார்கள்.
எட்டாவது ஆள் திட்டிவிட்டு வைப்பார்.

டாஃபினில் எடுத்தவள் வைக்கவில்லை.
பெயரை நான் கேட்கக் கூடாது.
அவளே சொன்னாள், ஒலேனா ஹ்ரிட்சுக்,
எழுத்துக்கூட்டி வேறு.
அதை எழுத இடமில்லை.

பின்னால் ஏதோ கொதித்தது.
மூடி தட்டிக்கொண்டே இருந்தது.

கேள்வி ஒன்பது: மருத்துவர்களை எவ்வளவு நம்புகிறீர்கள்?
மிகவும், ஓரளவு, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை.
"எந்த மருத்துவரை?" என்றாள்.
"இங்க வருவாங்க, போவாங்க. ரெண்டு வருஷத்துல நாலு பேர்.
கழட்ட வசதியா இருக்கட்டும்னு
பெயர்ப்பலகைய ஒத்தை ஆணியில மாட்டறாங்க."
பொதுவாகச் சொல்லுங்கள் என்றேன்.
"பொதுவான மருத்துவர் யாரும் எனக்கு ஊசி போட்டதில்லையே."
ஓரளவு என்று அமுக்கினேன்.
தயங்குகிறவர்களை ஓரளவில் போடு என்பது
இங்கே எழுதாத சட்டம்.

"யாரும்மா?"
ஆண்குரல். கட்டை.
"கணக்கெடுக்கிற பொண்ணு, தாராஸ். நீ சாப்பிடு."

கேள்வி பதினாலு: பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள்
தலையில் அடிபடும் ஆபத்து இருந்தும்
ஐஸ் ஹாக்கி ஆடலாமா?
ஆடலாம், கூடாது, தெரியாது.

மூடி தட்டுவது நின்றது. அடுப்பை அணைத்திருப்பாள்.

"நாங்களும் ஒரு தடவை இதையே கேட்டோம்," என்றாள்.
"அடுப்படி மேஜையில. மறுநாள் அரையிறுதி.
இவனுக்கு அந்த மாசம் அது ரெண்டாவது அடி.
மூணு வாரம் பனிப்பக்கமே போகாதேன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்திருந்தா,
நோவா ஸ்கோஷியாக்காரி, வந்து பத்து நாள்கூட ஆகல.
அவளுக்கு இந்த ஊரைப் பத்தி என்ன தெரியும்னார் கோச்.
என் வீட்டுக்காரர் ஆடட்டும்னார்.
இவனும்தான். பதினாறு வயசு, வேற என்ன சொல்வான்.
நான் தெரியலன்னேன்."

"யாரும்மா?"
"கணக்கெடுக்கிற பொண்ணு, தாராஸ்."
அதே குரல். முதல் முறை சொல்வதுபோலவே.

"ஒண்ணு கேக்கட்டுமா?
தெரியாதுன்னு சொல்றவங்கள நீங்க என்ன பண்ணுவீங்க?"

என் படிவத்தில் கேள்விகள் என் பக்கம்தான்.
அவளிடமிருந்து கேள்வி வந்தால்
என்ன படிப்பது என்று அதில் இல்லை.
உள்ளதைச் சொன்னேன்:
அவர்களைக் கழித்துவிடுவோம், அம்மா.
மீதிப் பேரை நூறாக வைத்துக்கொண்டு
விழுக்காடு போடுவோம்.

"அப்படித்தான்," என்றாள்.
கோபமாகச் சொல்லவில்லை.
விடுபட்ட சில்லறையை எண்ணிச் சேர்க்கிற குரல்.
"அன்னைக்கும் அப்படித்தான். நூத்துக்கு நூறு."

மேற்பார்வையாளன் லோரன் கண்ணாடிக்கு வெளியே
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.
இருபத்தாறு நிமிடம்.

"முதல்ல ஒண்ணு கேட்டியே, மருத்துவர நம்பறீங்களான்னு.
மிகவும்னு மாத்து.
அந்த நோவா ஸ்கோஷியாக்காரிக்காக."
பின்னால் போகும் பொத்தானை அமுக்கினேன்.
பதிவான பதிலுக்குள் அது நுழையாது, தெரியும்.
இருந்தும் அமுக்கினேன்.
மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பதினாலுக்கு ஆடலாம் என்றாள்.
காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.
"ஆறு மாசம் பனி. பிள்ளைங்க வேற எங்க போகும்?
இப்பவும் சனிக்கிழமை கூட்டிப் போறேன்.
வேலிக்கு வெளியில நின்னு பாப்பான்.
யார் ஜெயிச்சான்னு
காரில வரும்போது ஏழெட்டுத் தடவை கேப்பான்.
நானும் சொல்வேன்."

கடைசிக் கேள்வி, வயதும் வருமானமும் கடந்து:
உங்கள் வீட்டில் பதினெட்டு நிறைந்தவர்கள் எத்தனை பேர்?

"ரெண்டு," என்றாள்.
பிறகு, "இல்ல, ஒண்ணு."
நாற்காலி இழுபடும் சத்தம்.
"யாரும்மா?"
"ரெண்டு. ரெண்டுன்னே போடு."