எண்பத்து நான்கில் ஒன்று

பொரளையில், மூன்றாம் மாடியில், பன்னிரண்டாம் அறை.
டொக்டருக்கு ஒரு நாற்காலி, அவளுக்கு ஒன்று,
இரண்டுக்கும் நடுவில் எனக்கு முதுகில்லாத ஸ்டூல்.
ஆங்கிலம் இடக்காதில் நுழைந்து
தமிழாய் வாயால் வெளியேற வேண்டும்.
நடுவில் எதுவும் தங்கக் கூடாது.
அதற்குத்தான் சம்பளம்.

உள்ளே போகுமுன், தண்ணீர்க் கேனடியில்
அவள் புருஷன் என்னை நிறுத்தினான்.
"எல்லாம் நல்லம் எண்டு மட்டும் செல்லுங்க மிஸ்.
எனக்கி ரெண்டு தங்கச்சி, கலியாணப் பேச்சு நடக்குது.
இப்பிடி ஒரு கத வெளிய போனா
எங்கட ரத்தத்தையே சோதிப்பாங்க."
கெட்டவன் இல்லை.
அவளுடைய ரோஜா நிறக் கைப்பையை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

டொக்டர் இலக்கத்தைச் சொன்னார்.
ரிஸ்க் என்பதற்கு என்னிடம் மூன்று சொல் உண்டு.
ஆபத்து என்றால் அழுவார்கள்.
வாய்ப்பு என்றால் லொத்தர் சீட்டு.
நிகழ்தகவு என்றால்
பள்ளிக்கூடத்தில் பெயிலான முகம் வரும்.
எதை எடுப்பதென்று நான் நிற்கையிலேயே
முனவ்வரா சொன்னாள்:
"எயிட்டி ஃபோர். வெளங்கிச்சி."

கெய்சர் வீதி மொத்தக் கடையில் ஏழு வருஷம் கேஷியர்.
இலக்கம் அவளுக்கு எந்தப் பாஷையிலும் இலக்கம்தான்.
"எண்பத்து நாலு ஷேர்ட் வந்தா ஒண்டு டேமேஜ் இரிக்கும்.
அதுக்காகக் கட்ட திருப்பி அனுப்புறல்ல."
சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.
"அந்த ஒண்ட நான்தான் ஊட்டுக்குக் கொண்டு போற."

என்ன சொல்கிறாள் என்றார் டொக்டர்.
கணக்குப் புரிகிறதாம் என்றேன்.
டேமேஜை நானே வைத்துக்கொண்டேன்.

ஊசியைச் சொன்னேன். வயிற்றிலிருந்து நீர் எடுப்பார்கள்,
மிக அரிதாய்க் கலையவும் கூடும்,
மறுமொழி வர இரண்டு கிழமை.
என் பேனையை வாங்கி உள்ளங்கையில் எழுதினாள்.
பதினாறு கிழமை. ஏழால் பெருக்கினாள். நூற்றுப் பன்னிரண்டு.
"நூத்தி இருவது நாள்ல ரூஹ் ஊதப்படும் மிஸ்.
எட்டு நாள்தான் மிச்சம். இவங்க பதினாலு கேக்குறாங்க.
இவங்க எண்ணத் தொடங்குற எங்கயிருந்து?"
கேட்டுச் சொன்னேன்:
கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து.
"அப்ப பிள்ள வராத ரெண்டு கிழமையும் கணக்கில இரிக்கி!"
வெட்டினாள். தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள்.
"மவுலவி எந்தக் கணக்க எடுப்பாரு?"

ரூஹுக்கு ஆங்கிலத்தில் சொல் இருந்தது. கொடுத்தேன்.
டொக்டரிடம் பதில்தான் இருக்கவில்லை.
குரலைத் தணித்துச் சட்டத்தைச் சொன்னார்.
தாயின் உயிரைக் காக்க மட்டும்.
மற்றப்படி, இங்கே தெரிந்துகொள்ளலாம்.

"தெரிஞ்சி என்ன செய்ற?"

போன கிழமை ஜெசிந்தாவும் இதைத்தான் கேட்டாள்,
கேட்டுவிட்டு நேரே கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனாள்.
வெள்ளவத்தைக்காரி ஒருத்தி கேட்கவே இல்லை.
சென்னைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று,
வீட்டில் நேர்த்திக்கடன் என்று சொல்லியிருக்கிறது.

என் போன் அதிர்ந்தது. கவிழ்த்து வைத்தேன்.
முகப்பில் என் மகன். ஒன்பது வயது.
சட்டைப் பொத்தான் போட
இந்த மாதம்தான் பழகினான்.
அவனை இந்த அறைக்குள் விடக் கூடாது,
யார் கூப்பிட்டாலும் சாட்சிக்குப் போய்விடுவான்.

பேனையைத் திருப்பித் தந்தபோது
முனவ்வரா போனின் முதுகைப் பார்த்தாள்.
"மகனா?"
"ஓம்."
டொக்டர் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.
இதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

வெளியே அவன் எழுந்தான்.
என்னைத்தான் முதலில் பார்த்தான், பிறகு அவளை.
"நல்லமா?"
"கணக்குப் பாக்கணும்" என்றாள்.
கைப்பையை இடக்கையால் வாங்கினாள்.
வலக்கை மை கலையாமல் மூடியிருந்தது.

படிவம் ஒப்பமில்லாமல் என் மேசையில் கிடக்கிறது.
திங்கள், பதினொன்றரை,
அவள் பெயரைப் பென்சிலால்
மெல்லிசாய் எழுதி வைத்திருக்கிறேன்.