ஐந்து ரூபாய் அளவு

பவளத்தின் இடது காதுக்குக் கீழே
முதலில் ஒரு மிளகு.
பிறகு ஐம்பது காசு, பிறகு ஒரு ரூபாய்.
சித்திரையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன்.
மூடவில்லை.

பவானியிலிருந்து வந்த டாக்டர் யாஸ்மின்
கையுறையைக் கழற்றாமலே பேசினார்:
"மாட்டு மருவுல இருக்கிற கிருமிதாங்க,
குதிரைத் தோலுக்கு வந்தா குணம் மாறிடுது.
உள்ள எறங்கிப் பரவாது. ஆனா அறுத்தா
சிலது கோவிச்சுக்கிட்டு ரெண்டு பங்கா வரும்."

தானாப் போகுங்களா?

"சிலதுக்குப் போகும்."

எதுக்குங்க?

ஈயை விரட்டிவிட்டுச் சொன்னார்:
"தெரிஞ்சா மொதல்லயே சொல்லியிருப்பனே."

மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டித்தான்
அவளைக் கட்டியிருந்தேன். ஒரே சுவர், ஒரே ஈ.

எருக்கம்பால் வைக்கச் சொன்னார்கள்.
சுண்ணாம்பு வைக்கச் சொன்னார்கள்.
அவள் வால்மயிராலேயே இறுக்கிக் கட்டச் சொன்னார்கள்.
மூன்றில் ஒன்றைச் செய்தேன்;
எதுவென்று டாக்டரிடம் சொல்லவில்லை.
அடுத்த மாதம் அது பூக்கோசாக விரிந்து
வார் உரசும்போதெல்லாம் கசிந்தது.

ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தை.
தலைவாரை ஒரு துளை இறக்கிக் கட்டினேன்.
கவுந்தப்பாடிப் பொங்கியண்ணன்
பல்லைப் பார்த்தான், குளம்பைத் தட்டினான்,
வாரைத் தூக்கினான்.
ஒன்றும் கேட்கவில்லை. துண்டை விரித்தான்.
துண்டுக்கடியில் நான் ஆறு விரல் பிடிக்க
அவன் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு
மற்றதை மடக்கிவிட்டான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.
ஈக்காகத்தான்.

மறு ஆடி, அதே சந்தை.
விற்க ஏதுமில்லாமல் சும்மா போயிருந்தேன்.
பவளம் நின்றாள்.
காதுக்குக் கீழே வெறும் ரோமம்,
ஈர டம்ளரை வைத்து எடுத்த இடம்போல
கொஞ்சம் வெளிறிய ஒரு வட்டம்.

"என்னங்க போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க. மஞ்ச வெட்டு,
அப்பறம் தங்கச்சி கல்யாணம். திரும்பிப் பாக்க நேரமில்லீங்க.
ஒருநா தேச்சுக் குளிப்பாட்டறேன், இல்லீங்க."

மடங்கிய மூன்று விரல்களை
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அவன் டீ வாங்கப் போனதும்
கை பழைய வழியில் தானாக நடந்தது:
கழுத்து, மார்பு, முன்னங்காலின் உள்பக்கம்.

அங்கே ஒரு மிளகு.

உண்ணி கடித்ததாகவும் இருக்கலாம்.
அல்லது வந்து, இருந்து,
யாரும் பார்க்காதபோது போகிற ஒன்றாக.

பவளம் என் பையில் வெல்லம் தேடினாள்.
கூட்டத்துக்குள் இரண்டு டீயை ஏந்திக்கொண்டு
அவன் வந்துகொண்டிருந்தான்,
சிந்தாமல், மெல்ல.