எழுதிச் சேர்த்த பெயர்

முதல் முறை அவள் நின்றபோது
வாக்குச்சீட்டு அச்சடித்தவன்
அவள் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான்.
ஜெர்மேன் வையான்கூர்,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
மெய்ன் மாநிலத்தின் வடகோடித் தொகுதிக்கு.
ஜெயித்தது இருநூற்றுப் பன்னிரண்டில்.
எங்கள் ஊர்ச் சீட்டுகளை எண்ணியது நான்.
நாய் உரிமம், மீன்பிடி உரிமம்,
கல்யாணம், சாவு,
ஈராண்டுக்கொருமுறை நவம்பரில்
இந்தப் பெட்டி.
எல்லாமே என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இரண்டாம் முறை எதிர்த்து நிற்க ஆளில்லை.
மூன்றாம் முறை
உருளைக்கிழங்குக் கிடங்குக்காரர் நின்றார்,
தட்டி தட்டியாய் நட்டார்,
முதல் பனியில் பாதி சாய்ந்தது.
எண்பத்தெட்டு.
குறைந்துகொண்டே வருகிறது என்றேன்.
"நானும்தான்" என்றாள், இடுப்பைக் காட்டி.

தலைநகர் அகஸ்டாவுக்கு ஐந்து மணி நேரம்.
பனி கொட்டினால் ஏழு.
சபையில் அதிகம் பேசியதில்லை.
அவள் பெயரில் இருப்பது ஒரே ஒரு சட்டம்.
மண் இளகும் ஏப்ரலில்
கிழங்கு லாரி எந்தச் சாலையில்
எத்தனை டன் ஏற்றலாம் என்பது.
அதற்கே நாலு வருடம் நடந்தாள்.
யாரும் கைதட்டவில்லை.
சாலை உடையவில்லை.

காகித ஆலைக்கு வரிச்சலுகை தர ஓட்டுப் போட்டாள்.
ஆலை சலுகையை வாங்கிக்கொண்டு மூடியது.
அதைக்கூட மன்னித்தார்கள்.
பிறகு
சிறு பள்ளிகளை இணைக்கும் மசோதா.
ஆம் என்ற பொத்தானை அழுத்தினாள்.
பணம் இல்லை, வேறு வழி இல்லை,
கணக்கு சரிதான், நானே போட்டுப் பார்த்தேன்.
ஆனால் அவள் ஒருகாலத்தில் ஓட்டிய அதே தடம்
இருபது நிமிடத்திலிருந்து ஐம்பத்தைந்தாக நீண்டது.
என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு.
இருட்டில் ஏறி
இருட்டில் இறங்கினான்.

அந்த நவம்பரில் ஒன்பது ஓட்டில் தோற்றாள்.
மறு எண்ணிக்கையில் ஒன்பது ஏழானது.
ஏழு, ஏழாகவே நின்றுவிட்டது.

மறுநாள் காலை கதவு திறந்ததும் அவள்தான்.
நாய்க்கு உரிமம் புதுப்பிக்கவேண்டுமாம்.
கறுப்பு நாய். பெயர் கோரம்.
அது வந்து உட்கார்ந்தால்தான்
அவள் சமையலறையில் கூட்டம் தொடங்கும்.
பதினோரு டாலர், சில்லறையாகக் கொடுத்தாள்.
அந்த ஏழு பேர் யார் யார் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.
ஒருவனைத் தவிர.
முத்திரையை இரண்டு முறை குத்தினேன்,
முதல் முறை மை பிடிக்கவில்லை.

பிறகு மேலவைக்கு நின்றாள்.
நாலாயிரத்துச் சொச்சம்.
அதைத் தோல்வி என்று சொல்லக்கூடாது,
வானிலை என்று சொல்லவேண்டும்.

எழுபத்தோரு வயதில் இன்னொரு முறை.
கட்சி இடம் தரவில்லை.
சீட்டின் அடியில் வெறுங்கோடு ஒன்று உண்டு,
வேண்டியவர் பெயரை எழுதிக்கொள்ளலாம்.
எங்கள் ஊரில் அறுபத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.
வையன்கோர்ட். வாலங்கூர். வெய்யான்கூ.
ஒருவர் ஜெர்மேன் என்றதோடு களைத்துவிட்டார்.
அச்சடித்தவன் விழுங்கிய அந்த எழுத்தை
ஒருவர் இரண்டு தடவை போட்டிருந்தார்.
நோக்கம் புரிந்தால் செல்லும் என்கிறது விதி.
எல்லாம் செல்லும் என்று வைத்தேன்.

ஒன்று மட்டும்,
பென்சிலில், சாய்ந்த எழுத்தில்,
"பஸ் ஓட்டின அம்மா."

நோக்கம் எனக்குப் புரிந்தது.
விதி, பெயர் வேண்டும் என்கிறது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்,
திரும்ப மாட்டிக்கொண்டு
அறுபத்திரண்டு என்று எழுதினேன்.
மாவட்டம் முழுதும் சேர்த்து நூற்றெண்பது.
வென்றவருக்கு இரண்டாயிரம் சொச்சம்.

காலையில் வந்தாள். இப்போது வேறு நாய்,
அதற்கும் பெயர் கோரம்.
"செல்லாதது ஏதாவது உண்டா?"
ஒன்று என்றேன்.
"என்ன எழுதியிருந்தது?"
சொல்லக்கூடாது என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே
விளக்கைப் போட்டுக்கொண்டு
மஞ்சள் பேருந்து போனது.
கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து,
"நாலு நிமிஷம் லேட்டு" என்றாள்.