முதல் மூன்று பக்கம் சண்டை

எட்வின் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தபோது
கையில் ஒரு பெட்டி, தோளில் ஸ்வெட்டர்,
நாற்பது பக்க நோட்டுகள் ஏழு.
ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தேன்.
சேலத்தில், மே மாதத்தில்!
நோட்டுகளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.
என்னிடம் ஒன்பது இருந்தன.

அவனுடைய அம்மாவை நான் ஆன்ட்டி என்றேன்.
என்னுடைய அப்பாவை அவன் சார் என்றான்.
எங்கள் இருவருக்கும் ஒரே அறை, நடுவில் பீரோ.

பீரோவுக்கு அந்தப் பக்கம் கேப்டன் பனிமூட்டம்.
ஏரியிலிருந்து எழுந்து வருவான்,
சாவித் துவாரத்தில் நுழைவான்,
குரங்குப்படைத் தலைவன் இரட்டைவாலனோடு
ஏழு நோட்டாகப் பகை.
இந்தப் பக்கம் இரும்பாயி.
அப்பா வேலை பார்க்கும் அதே உருக்காலையில்
சிவந்த தகட்டின் மேல் விழுந்து
சாகாமல் எழுந்தவள்.
துருப்பிடிக்காதவள் என்று
முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

ரெண்டு பேரையும் ஒரே கதையில் விடலாமா
என்று கேட்டது அவன்தான்,
கரண்ட் போன ஓர் இரவில், பீரோவுக்கு மேலாக.

எங்கே விடுவது?
அவன் உலகில் சேலமே கிடையாது,
மலையடிவாரத்தோடு காகிதம் முடிந்துவிடும்.
என் உலகில் ஏற்காடு உண்டு,
ஞாயிற்றுக்கிழமை மட்டும்.
இருபது கொண்டை ஊசி வளைவை
ஆளுக்குப் பத்தாகப் பிரித்தோம்.
பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே
யாருக்கும் சொந்தமில்லாத கொஞ்சம் ரோடு.

வேற வேற கதை ஆளுங்க சந்திச்சா
முதல்ல அடிச்சுக்கணும் என்றான்.
ஏன்?
தெரியாது, அதான் முறை.

மூன்று பக்கம் அடித்துக்கொண்டார்கள்.
பயணிகளை இறக்கிவிட்டு
கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு
பஸ்ஸைத் தூக்கி எறிந்தாள் இரும்பாயி.
பஸ் அவனுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது.
அவன் அவள் மூக்கில் ஏறினான்.
அவள் போட்ட தும்மலில்
கிளியூர் அருவி வரை போய் விழுந்தான்.
இதை வரையும்போது இருவரும் சிரித்து
செலின் ஆன்ட்டி மெழுகுவர்த்தியோடு வந்து பார்த்தார்.

நான்காம் பக்கத்தில் வந்துவிட்டான் இரட்டைவாலன்.
பாறையை உருட்டிவிட்டான்.
இரும்பாயி செத்துரட்டும் என்றான் எட்வின்.
ஒரு பக்கம்தான். அடுத்த நோட்டுல எழுந்துருவா.

என் பென்சில் நின்றது.

என் கதையில் செத்தவர்கள் எழுவதில்லை என்றேன்.
ஒன்பது நோட்டிலும் தேடிப் பார்,
ஒருத்தர்கூட.
ஏன் என்று கேட்டான்.
பீரோவைத் திறந்து காட்டினேன்.
மேல் தட்டில் நான்கு புடவை,
ஒரு கண்ணாடிக் கூடு, உள்ளே கண்ணாடி.

அவன் ரப்பரை எடுத்துப் பாறையை அழித்தான்.
மெதுவாக, நிறைய நேரம்.
பிறகு சொன்னான்,
என் கதையில எல்லாரும் திரும்பி வருவாங்க,
அப்பாங்க மட்டும் வர மாட்டாங்க.
செத்துட்டாரா?
இல்ல. கோத்தகிரியில இருக்கார்.

மெழுகு பாதியாகிவிட்டது.
யாரும் சாக வேண்டாம், யாரும் திரும்பவும் வேண்டாம்
என்று பேசி முடித்தோம்.
இரும்பாயி விழுந்தாள், அவ்வளவுதான்.
பனிமூட்டம் அவள் மேல் இறங்கிப்
போர்த்திக்கொண்டு நின்றான்,
இரட்டைவாலன் தேடித் தேடிச் சலிக்கும்வரை.
அதற்கு ஒரு முழுப் பக்கம் விட்டோம்,
வெறும் வெள்ளையாக.
வரையுறதும் ஈஸி என்றான் எட்வின்.

அட்டையில் யார் பெயர் முதலில் என்பதற்கு
ஒரு ரூபாயைச் சுண்டினோம்.
உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.
பூவா தலையா, இன்னும் தெரியவில்லை.
அந்த பீரோவை நகர்த்த
இரும்பாயிதான் வர வேண்டும்.