மரச் சீமாட்டியின் அனுமதிச் சீட்டு

டோவர் சுங்கச் சாவடி. போரின் ஒன்பதாம் ஆண்டு.
கடலை ஈ எறும்பு கடக்கவில்லை.
ஒயின் வரவில்லை, உப்பு வரவில்லை, கடிதம் வரவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை,
வெள்ளைக் கொடி கட்டிய படகில்
பாரிஸிலிருந்து அவள் வந்து இறங்கினாள்.

உயரம் ஒன்றரை முழம்.
உடம்பு மரம், கன்னம் சாயம்.
கூடவே
இரண்டு அரசுகளும் முத்திரை குத்திய சீட்டு:
இந்தச் சீமாட்டியை
இருதரப்புப் படையும் தடுக்கலாகாது.

சோதிப்பது என் வேலை.
தடைசெய்த லேஸ் இருக்கலாம். உளவு இருக்கலாம்.
கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்தேன்.
(சிரிக்க வேண்டாம். எனக்கு வயது நாற்பத்தாறு.)

மேலங்கி, அதன்கீழ்ப் பாவாடை,
பாவாடைக்குக் கீழே இன்னொன்று.
திமிங்கில எலும்பை ஊசி கனத்துக்குச் சீவிச்
செருகிய கச்சு.
இடுப்பில் நாடா கட்டிய பை,
என் சுண்டுவிரல் நுனி நுழையும்.
உள்ளே ஒன்றுமில்லை.
யாருமே பார்க்கப்போகாத அதன் உட்புறத்திலும்
பூவேலை.

கடைசிப் பாவாடையின் ஓரத் தையலில்
அது இருந்தது.
ஒரு தலைமயிர்.
பாதி பழுப்பு, வேர்ப்பக்கம் நரை.
நூலோடு நூலாகத் தைத்துவிட்டிருக்கிறாள்,
விடிவதற்குள் முடிக்கவேண்டிய எவளோ.
மெழுகுவத்திக்கு மிக அருகே குனிந்திருப்பாள்.
நுனி கருகியிருந்தது.

சீட்டை மறுபடி படித்தேன்.
அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தினான் கோட்டையில் என் தம்பி ஜோசையா கைதி.
பரிமாற்றப் பட்டியலில்
நானூற்றுப் பன்னிரண்டாவது பெயர்.
மூன்று குளிர்காலமாக அதே எண்.
அவன் மரமாய்ப் பிறந்திருக்கலாம்.
இதைப் பதிவேட்டில் எழுத முடியாது.

எழுதியது இவ்வளவுதான்:
'பொம்மை ஒன்று. உடுப்பு பதினான்கு.
மறைபொருள் ஏதுமில்லை.'

வெளியே லண்டன் தையற்காரிகளின் வண்டி.
மிஸஸ் குவெல்ச் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்:
'கழுத்து எத்தனை விரல் இறக்கம்?
அதை மட்டுமாவது சொல்லித் தொலையுங்கள்!'
படபடப்பில் திரும்ப உடுத்தினேன்.
முதுகில் கட்டவேண்டிய நாடாவை
மார்புக்குக் கீழே முடிச்சிட்டேன்,
அதுவும் கோணலாக,
பாய்மரக் கயிற்றுக்குப் போடும் முடிச்சு.
எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஈஸ்டருக்குள்
லண்டன் முழுவதும் கோணல் முடிச்சு.
பிரபுக்களின் மனைவிமார், மதகுருவின் மகள்,
மீன் விற்கிறவள்கூட
சணல் நாடாவில்.
தேவாலயத்துக்குக் கிளம்பிய என் தாமசின்
கண்ணாடிமுன் இழுத்து இழுத்துக் கோணலாக்கினாள்.
'நேராகக் கட்டேன்' என்றேன்.
'பாரிஸ் மொஸ்தர் இது,
சுங்கக்காரருக்கு என்ன தெரியும்?' என்றாள்.

தெரியாதுதான்.

மே மாதம் பட்டியல் வந்தது.
ஜோசையா: நானூற்று ஒன்பது.
அவனுக்கு முன்னால் மூன்று பேர்
விடுதலையாகியிருக்க வேண்டும்.
படகு எதுவும் வரவில்லையே என்று
நான் யாரையும் கேட்கவில்லை.